அடிமண்ணின் நிறம்

“எப்பா, மண்ணுக்கு அடியில இருக்குற மண்ணு என்ன கலரு?”

செல்வலட்சுமி மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது கேட்ட கேள்வி இது. அவளுடைய அப்பன் சங்கிலிமுத்து அப்போது ஆமத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தான். தலை மறையும் ஆழத்தில் அவன் நின்றிருக்க, சோற்றுவாளியைப் பிடித்துக்கொண்டு கரையில் குனிந்தபடி பிள்ளை கேட்டாள். கரை சரிந்துவிடுமோ என்று அவனுக்குப் பதறியது. “வாளிய வச்சிட்டுத் தள்ளி நில்லு தாயி. சாயங்காலம் வந்து சொல்றேன்” என்றான். சாயங்காலம் அவன் வந்தபோது அவள் தூங்கியிருந்தாள். பிறகு அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பிள்ளை வளர்ந்தாள். பள்ளிக்கூடம் முடித்துப் பட்டாசுக் கம்பெனிக்குச் சரம் பின்னப் போனாள். விரல் வேகம் உள்ள பிள்ளை என்று பேர் வாங்கினாள். ஒரு புரட்டாசியில், சீசன் மும்முரத்தில், பக்கத்து வெடிமருந்து அறை வெடித்தது. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்ததைத்தான் சொந்த ஊரான வேப்பஞ்செவலுக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று விடாத மழை. சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஓடை பெருகி ஓடியது. காத்திருக்க முடியாத உடம்பு. ஓடைக்கு இந்தப் பக்கமே, ஊர் ஆடுகள் மேயும் செவல்காட்டில் முள் அடர்ந்த ஓர் உடைமரத்தின் ஓரமாக வெளியூர் ஆட்கள் குழி வெட்டினார்கள். ஊருக்கெல்லாம் குழி வெட்டித் தந்த சங்கிலிமுத்துவை அன்று இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள். அவன் கண்ணில் மழையைத் தவிர வேறு எதுவும் படவில்லை. பெற்றவன் தள்ள வேண்டிய பிடி மண்ணைக்கூட அவன் தள்ளவில்லை. யாரோ ஒரு வெள்ளைச் சுக்கான்கல்லைத் தூக்கி மண்மேட்டில் வைத்தார்கள்.

மழை ஓய்ந்திருந்தது. பதினாறாம் நாள் பாலும் பூவுமாகப் போனபோது, கல் உடைமரத்தின் ஓரமாக நட்டபடி நின்றிருந்தது. சங்கிலிமுத்துவின் பெண்சாதி வள்ளித்தாய் அந்தக் கல்லடியில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, வீட்டு மூலையில் ஒரு கலயத்தில் வைத்தாள். கன்னியாகப் போனவளை வீட்டுத் தெய்வமாக்கிக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். அதற்கு அவள் கிடக்கிற இடத்துப் பிடிமண் வேண்டும்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வள்ளித்தாய் ஒரு குடம் தண்ணீர் சுமந்துபோய்க் கல்லடியில் ஊற்றினாள். மருந்து வேலை நடக்கும் இடத்தில் நினைத்த நேரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்க முடியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் செல்வலட்சுமி முதலில் செம்பைத்தான் எடுப்பாள். அந்த நினைப்பில்தான் தாய் ஊற்றினாள். ஆனால் கனவு நிற்கவில்லை. பிள்ளை வாசலில் நின்று, உதடு வெடித்துப்போய், ஒரே வார்த்தையைச் சொன்னாள்.

“எம்மா, யாருக்கு ஊத்துற? எனக்கு ஊத்து.”

வள்ளித்தாய் இருக்கன்குடிக்கு நடந்துபோய் மாரித்தாயிடம் முறையிட்டாள். அர்ச்சனை செய்தாள். ஆற்று மணலில் உட்கார்ந்து அழுதாள். திரும்பி வந்த வாரமும் பிள்ளை வாசலில் நின்றாள். வள்ளித்தாய் வேலைக்குப் போகும் இடத்தில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டே இருப்பாள். திடீரென்று கை நின்றுவிடும். வீட்டில் உலை கொதித்து அடங்கிக் கஞ்சியாகிக் கிடக்கும்.

“நெனப்புதான் கனவா வருது. வேற ஒண்ணுமில்ல” என்பான் சங்கிலிமுத்து. சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்க்காமல் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

இப்படி நாலைந்து வருஷம் ஓடியது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆனி மாதத்தில் செவல்காட்டுக்கு ஜீப் வந்தது.

மேய்ச்சல் காட்டை டிராக்டர் விட்டு உழுது, கொழுக்கட்டைப் புல் விதைத்து, வேலி போட்டு வளர்க்கப்போகிறார்கள் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். அதற்கு முன்னால் மண் எப்படிப்பட்டது என்று பார்த்து வகைப்படுத்த மண் ஆய்வுக்காரி ஒருத்தி வந்திருந்தாள். பெயர் அருணாதேவி. மல்லாங்கிணற்றில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவள். தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக வெயிலில் நின்றாள். குழி வெட்ட ஆள் கேட்டபோது ஊரார் சங்கிலிமுத்துவைக் காட்டினார்கள்.

அவள் குச்சி நட்ட இடத்தைப் பார்த்ததும் அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“இங்கன வேண்டாம்மா. அந்தக் கல்லு தெரியுதா? எம்புள்ள கெடக்கா.”

அருணாதேவி கல்லைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடைப்பக்கம் தள்ளிப் போய், “இங்க வெட்டலாமாண்ணே?” என்று கேட்டாள். அதிகாரி கேட்டு வெட்டச் சொன்னது அவனுக்குப் புதுசு. தலையாட்டினான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கருப்பணன் வேடிக்கை பார்க்க வந்தார். வாயில் வெற்றிலை இல்லாத நேரம் பேச்சு இருக்கும். இரண்டும் சேர்ந்திருக்கும் நேரமும் உண்டு.

“ஏலே சங்கிலி, என்னலே பண்ணுதாக?”

“மண்ண வகை பிரிக்காக அண்ணாச்சி.”

“மனுசனப் பிரிச்சது பத்தாதுன்னு மண்ணுக்குமா? சாதி சர்டிபிகேட்டு தாலுகா ஆபீசுலயா குடுப்பாக?”

அருணாதேவி சிரித்துவிட்டாள். “இதுல மேல் கீழ் இல்லைங்கய்யா. எது எதுக்கு ஆகும்னு பாக்குறதுதான்.”

“அப்பச் சரி. நமக்கு ஆடு மேஞ்சாப் போதும்.”

சங்கிலிமுத்து தலை மறையும் ஆழம் வெட்டினான். மேல் மண்ணை ஒரு பக்கமும், அடுத்த மண்ணை அதற்கடுத்தும், அடி மண்ணைக் கடைசியிலும் தனித்தனிக் குவியலாகப் போடச் சொன்னாள். வெட்டி முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மறுநாள் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும் என்று அவள் புறப்பட்டாள். அவன் வேப்பங்கொப்பு ஒடித்து வந்து, ஒரு கல்லையும் சேர்த்துக் குழிக்குள் போட்டான்.

“எதுக்குண்ணே?”

“வெறுங்குழியா விட்டுட்டுப் போகக்கூடாதும்மா. அது ஆளக் காவு கேக்கும். நீங்க நம்ப வேண்டாம். எனக்கு மனசு கேக்காது.”

மறுநாள் அருணாதேவி குழியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினாள். வேப்பங்கொப்பை எடுத்து வெளியே எறியவில்லை. ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தாள். வெயில் விழும் சுவரைக் கத்தியால் செதுக்கிச் சுத்தம் செய்தாள். மேலே புல்வேர் பின்னிய பழுப்பு மண். அதன்கீழ் செம்பழுப்பு. அதற்கும் கீழே நல்ல சிவப்பு. உடைத்தால் கட்டியின் முகங்கள் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கின. எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்புக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு மணிகள்.

ஒரு பிடி மண்ணில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் நாடாவாக நீட்டிப் பார்த்தாள்.

“கேப்பக்களி கிண்டுதாக” என்றார் மேலேயிருந்து கருப்பணன். “தொட்டுக்கிட என்ன தாயி வச்சிருக்கீக?”

வண்ணச் சில்லுகள் ஒட்டிய புத்தகத்தை விரித்து மண் கட்டியை ஒவ்வொரு சில்லோடும் ஒப்பிட்டபோது, “அந்தா, ஜவுளிக்கடை. ரவிக்கத் துணி எடுக்காக” என்றார். வெள்ளை மணியில் அமிலத்தைச் சொட்டுவிட்டபோது அது நுரைத்துச் சீறியது. கருப்பணன் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்த நேரம் தெற்கே எங்கோ ஒரு கம்பெனியில் வெடி சோதித்தார்கள். சத்தம் தரை வழியாக வந்தது. குழிச் சுவரிலிருந்து மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். இரண்டாவது சத்தம் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் கருப்பணன் ஆட்டைக் கூப்பிட்டார்.

மத்தியானம் வள்ளித்தாய் கம்மங்கூழும் வறுத்த மோர்மிளகாயும் கொண்டுவந்தாள்.

“சாப்பிட்டீகளா தாயி? எங்க வீட்டுக் கூழு. குடிப்பீகளோ என்னமோ.”

“எங்க வீட்லயும் இதான்க்கா” என்று அருணாதேவி மண் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தூக்குச்சட்டியை வாங்கினாள்.

அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்த வள்ளித்தாய் மெதுவாகக் கேட்டாள். “இந்த மண்ணுல தண்ணி ஊத்துனா எம்புட்டு தூரம் எறங்கும் தாயி?”

“நல்லா வடியிற மண்ணுக்கா. தண்ணி தேங்குற மண்ணா இருந்தா அடியில சாம்பல் புள்ளி விழுந்திருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல பாருங்க. ஊத்துனா அடிவரைக்கும் எறங்கிடும்.”

“அப்பம் எம்புள்ளைக்குப் போயிச் சேந்திருக்கும்ல?”

அருணாதேவி தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

வள்ளித்தாய் கனவைச் சொன்னாள். குடம் குடமாக ஊற்றுவதைச் சொன்னாள். “தாகம் தீரலன்னு நிக்கிறா தாயி. நீங்க மண்ணு படிச்சவுக. கல்லடியில தண்ணி எறங்கியிருக்கா, மேலோட ஓடிப்போகுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஒங்க முறுக்குக் கம்பிய விட்டுப் பாத்தாத் தெரியும்ல?”

“ஏ வள்ளி, சும்மா இரி. புள்ள மேல கம்பிய விடச் சொல்லுத” என்றான் சங்கிலிமுத்து.

“தாகத்துல நிக்கவளுக்குத் தண்ணி எட்டுச்சான்னு பாக்கது தப்பா?”

அவன் விலகி நின்றான். அருணாதேவி மண்ணெடுக்கும் முறுக்குக் கம்பியை எடுத்துவந்தாள். கல்லைக் கும்பிட்டாள். கல்லின் தலைமாட்டில் கம்பியை ஊன்றித் திருகினாள். முழங்கை ஆழம்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள்.

கம்பி இறங்க மறுத்தது. அவள் முழுப் பாரத்தையும் கொடுத்துத் திருக வேண்டியிருந்தது. வெளியே வந்த மண்ணை வரிசையாகத் துணியில் பரப்பினாள். பழுப்பு, அடுத்துச் செம்பழுப்பு, அடுத்துச் சிவப்பு. மினுங்கும் கட்டி. அதன் ஊடே தலைமுடிபோல் பழைய வேர்த் தடம். பக்கத்துக் குழியின் சுவரில் எழுதியிருந்ததே இங்கேயும் எழுதியிருந்தது.

வெட்டி மூடிய மண் இப்படி இருக்காது. ஒருமுறை கலைந்த மண் மறுபடி இந்த வரிசையில் சேர எத்தனையோ தலைமுறை ஆகும். இந்த இடத்தை எந்த மண்வெட்டியும் தொட்டதில்லை.

“ஈரம் இருக்காம்மா?” என்றாள் வள்ளித்தாய்.

“இருக்குக்கா” என்றாள். அது உண்மைதான்.

வள்ளித்தாய் கும்பிட்டுவிட்டுத் தூக்குச்சட்டியோடு போனாள். அவள் தலை மறையும்வரை அருணாதேவி துணியில் கிடந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் போய்விடலாம். ஒரு தாய் கும்பிடுகிற கல் கும்பிடுகிற இடத்திலேயே நிற்கட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் உழவு வரப்போகிறது. கல்லைச் சுற்றிக் கொஞ்சம் இடத்தை உழாமல் விட அவள் எழுதிக் கொடுக்க முடியும். அப்படி எழுதினால் காப்பாற்றப்படுவது வெறும் தரை. பிள்ளை வேறெங்கோ கொழுமுனைக்கு அடியில் போய்விடுவாள். அதன்பிறகு எந்தக் கம்பியாலும் கண்டுபிடிக்க முடியாது.

“அண்ணே” என்றாள். “மனசத் தேத்திக்கிட்டுக் கேளுங்க. இந்த இடத்துல யாரும் குழி வெட்டுனதே இல்ல.”

சங்கிலிமுத்துவுக்கு முகம் கறுத்தது. “என்னம்மா பேசுதீக? எம்புள்ளையப் போட்ட எடம் எனக்குத் தெரியாதா?”

அவள் கம்பியை அவன் கையில் கொடுத்தாள். அவன் கோபத்தோடு வாங்கி, அதே துளைக்குப் பக்கத்தில் ஊன்றித் திருகினான். இரண்டு சுற்றில் கை நின்றது. வாழ்நாளெல்லாம் மண் வெட்டிய கை. வெட்டிய மண்ணும் வெட்டாத மண்ணும் அந்தக் கைக்குத் தெரியும். மறுபடி ஒரு சுற்று சுற்றினான். பிறகு கம்பியைப் பிடித்தபடியே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அப்பம் வள்ளி கனவுல...” என்று ஆரம்பித்தான்.

ஆடுகளை ஓடைப்பக்கம் திருப்பிவிட்டு வந்த கருப்பணன் இரண்டு பேரையும் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஏலே சங்கிலி... அந்தக் கல்ல நான்தாம்லே நட்டேன்.”

“என்ன சொல்லுதீக அண்ணாச்சி?”

“மழ வெறிச்ச அன்னைக்கு ஆடு பத்திட்டு வந்தேன். கல்லு உருண்டு ஓடைக்குள்ள கெடந்துச்சு. மண்ணுமேட்ட வெள்ளம் அரிச்சுக்கிட்டுப் போயி எல்லாம் ஒண்ணுபோலத் தெரிஞ்சுது. பெத்தவ வந்து பாத்தா மனசு ஒடஞ்சிருவாளேன்னு சொமந்துட்டு வந்து நட்டேன். உடைமரத்து ஓரம்னு மட்டும் நெனப்புல இருந்துச்சு. அப்பம் இங்கன ரெண்டு உடைமரம்லே. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேல நின்னதப் பொறவு வெறகுக்கு வெட்டிட்டாக. சரியா வச்சிட்டதாத்தான் இத்தன நாளா நெனச்சிட்டிருக்கேன். நல்லது செய்யணும்னுதாம்லே செஞ்சேன்.” கல்லைக் குனிந்து பார்த்தார். “பாவத்தக் கட்டிக்கிட்டனே.”

நல்ல மனசோடு செய்தது சில சமயம் தப்பான இடத்தில் போய் நின்றுவிடுகிறது. அதனாலேயே அது கெட்டதாகிவிடாது. சங்கிலிமுத்து அதை அறிந்தவன்போல எழுந்துபோய், அந்தப் பெரியவரின் கையில் கசங்கிக்கொண்டிருந்த துண்டை வாங்கி, அவர் தோளில் போட்டுவிட்டான்.

“வள்ளியக் கூட்டிட்டு வாரேன். அவ இல்லாமத் தேடக்கூடாது” என்றான்.

வள்ளித்தாயிடம் அவன் என்ன சொல்லி அழைத்துவந்தானோ தெரியாது. அவள் அழவில்லை. மஞ்சள் துணி முடிந்த கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கருப்பணன் மேட்டில் ஏறி, மட்கிப்போன உடைமரத்தின் தூரைத் தேடிக் காட்டினார். அதைச் சுற்றி அருணாதேவி கம்பியை இறக்கினாள். ஒவ்வோர் இடத்திலும் முழங்கை ஆழம். அதற்கு மேல் போகவில்லை. பழுப்பு, செம்பழுப்பு, சிவப்பு. தள்ளிப் போட்டாள். மறுபடியும் பழுப்பு, செம்பழுப்பு, சிவப்பு. சங்கிலிமுத்து மண்ணைப் பார்க்காமல் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். தோள் இறுகியிருக்கும்வரை இல்லை என்று அர்த்தம்.

தூருக்குக் கிழக்கே ஓரிடத்தில் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அவள் உடனே நிறுத்தினாள். இரண்டு கையாலும் பதனமாக வெளியே எடுத்தாள்.

பழுப்பும் சிவப்பும் கட்டி கட்டியாகக் கலந்திருந்தன. அடியில் கிடக்க வேண்டிய வெள்ளைச் சுண்ணாம்பு மணிகள் மேலேயே கிடந்தன. மழையில் அவசரமாக, கையில் அகப்பட்டதை அள்ளிப் போட்டு மூடிய மண். அந்த அவசரம் இன்னும் அப்படியே இருந்தது.

“இங்கதான்க்கா” என்றாள்.

வள்ளித்தாய் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். “சொன்னா தாயி. எத்தனையோ வாட்டி சொன்னா. நான்தான் வெளங்காம...” அப்போதுதான் அழுதாள். யாரும் தேற்றவில்லை. வெயில் இறங்கும்வரை அழவிட்டார்கள்.

பிறகு எழுந்து கீழே நடந்துபோனாள். கலயத்தில் இருந்த மண்ணைப் பழைய கல்லடியிலேயே திரும்ப வைத்தாள். “ஒன் மண்ண நீயே வச்சிக்க தாயி” என்று அந்தத் தரையிடம் சொன்னாள். மேலே வந்து புதிதாக ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தாள். சங்கிலிமுத்து கல்லைப் பிடுங்கிச் சுமந்துவந்து, பிள்ளையின் தலைமாட்டில் ஆழமாக ஊன்றினான்.

“இத்தன வருசம் ஊத்துன தண்ணியெல்லாம் வீணாப் போச்சே தாயி” என்றாள் வள்ளித்தாய்.

அருணாதேவிக்கு ஆறுதலாகப் பொய் சொல்ல வரவில்லை. கருப்பணன்தான் சொன்னார். “எப்பிடித் தாயி வீணாப் போகும்? கோடையில காடே கருகிக் கெடக்கும். அந்தக் கல்லச் சுத்தி மட்டும் பச்சப்புல்லு நிக்கும். குட்டி போட்ட ஆட்ட எல்லாம் அங்கனதான் கொண்டுவந்து விடுவேன். ஒம்மவ பேருல எம்புட்டு வாயில்லாச் சீவன் தின்னுருக்குன்னு நெனைக்க?”

வள்ளித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இந்த மண்ணுக்கு ஏதோ பேரு வைப்பீகளாமே. எம்புள்ள பேர வைக்கலாமா?”

“ஊர்ப் பேருதான்க்கா வைக்கணும். அதான் முறை” என்றாள் அருணாதேவி. பிறகு, “ஆனா இந்த மேட்டையும் சுத்தி இருக்கிறதையும் உழக்கூடாதுன்னு நான் எழுதிக் குடுப்பேன். அது என்னால முடியும்” என்றாள்.

அன்றைக்கே அவள் அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. ஜீப்பில் ஏறும்போது சங்கிலிமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்பினான். “ஒங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்?”

“ஒண்ணும் வேண்டாம்ணே. குழிய மூடும்போது எடுத்த வரிசையிலயே மூடுங்க. அடிமண்ணு அடியில, மேல்மண்ணு மேல. அது போதும்.”

மறுநாள் விடிந்ததும் அவன் ஒரு குடம் தண்ணீரோடு தனியாகச் செவல்காட்டுக்குப் போனான். கருப்பணனின் ஆடுகள் இன்னும் வரவில்லை. பஞ்சாயத்து ஆள், “கண்டபடி தள்ளி மூடு, எப்படியும் டிராக்டர் வந்து நெரவிடும்” என்று சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. மூடிய பிறகு யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

குழியை எட்டிப் பார்த்தான். உள்ளே புதிதாக ஒரு வேப்பங்கொப்பு கிடந்தது. அதன்மேல் ஒரு சின்னக் கல். இலை இன்னும் வாடவில்லை. போகிற அவசரத்திலும் அவள் வெறுங்குழியாக விட்டுப் போகவில்லை.

சங்கிலிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைசிக் குவியலிலிருந்து தொடங்கினான். வெள்ளை மணி கலந்த மண்ணை முதலில் இறக்கினான். உள்ளே இறங்கி மிதித்தான். மேலேறி நல்ல சிவப்பைத் தள்ளினான். மிதித்தான். அடுத்துச் செம்பழுப்பு. குடத்துத் தண்ணீரைத் தெளித்து மண்ணை அமரவிட்டான். கடைசியில் பழுப்பு மண். வெட்டி வைத்திருந்த புல் கட்டிகளை வேர் கீழே பார்க்கும்படி ஒவ்வொன்றாகப் பதித்தான். அருணாதேவியே திரும்பி வந்து கம்பியை இறக்கினாலும் நிறம் வரிசை தப்பாது.

மேல்மண்ணில் ஒரு பிடியை மட்டும் போடாமல் கையில் வைத்திருந்தான். அதை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினான். கல்லுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அன்றைக்குத் தள்ளாத பிடி மண்ணை மெதுவாகத் தள்ளினான். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினான். நல்லா வடியிற மண். ஊற்ற ஊற்ற உள்ளே போனது.

சுற்றிலும் பார்த்தான். காட்டில் யாரும் இல்லை.

“மேல பழுப்பு தாயி” என்றான். “அதுக்குக் கீழ செவப்பு. அதுக்கும் கீழ இன்னும் நல்ல செவப்பு. ரொம்ப அடியில, செவப்புக்குள்ள வெள்ள வெள்ளையா மணி கெடக்கு.”